ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன்

சிறிய விமானத்தில் சார்ஜ் ஏறவில்லை என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: கௌலிங்கை (என்ஜின் மூடியை) திறக்கிறார்கள், ஆல்டர்னேட்டரை (என்ஜினால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் கருவியை) கழற்றுகிறார்கள், ஓவர்ஹால் செய்த இன்னொன்றை மாட்டுகிறார்கள். சில நேரம் கோளாறு தீர்ந்துவிடும். தீராமல் போனால் சில மணி நேரப் பறப்பிலேயே அதே எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரியும். அப்போது புதிய ஆல்டர்னேட்டர் மீது பழி விழும், அதையும் கழற்றுவார்கள். நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டர்கள் இப்படித் திருப்பி அனுப்பப்படுவதற்கு முக்கியக் காரணம், யாரும் அளந்து பார்க்காததுதான். ஒரு மல்டிமீட்டரும் இருபது நிமிடமும் போதும். எதை, எங்கே, எந்த வரிசையில் அளப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மின்சாரம் போகும் பாதையைப் பார்ப்போம். சாதாரண ஆல்டர்னேட்டருக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. பேட்டரி பஸ்ஸிலிருந்து (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பட்டை) ஒரு மெல்லிய கம்பி கிளம்பி, ஃபீல்டு சர்க்யூட் பிரேக்கர் (பெரும்பாலும் 5 ஆம்பியர்), மாஸ்டர் ஸ்விட்சில் ஆல்டர்னேட்டருக்கான ஆல்ட் பாதி, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று கடந்து பிரஷ் வழியாக ஸ்லிப் ரிங்கைத் தொட்டு, சுழலும் பகுதியான ரோட்டாரின் சுருளுக்குப் போகிறது. இந்த வழியில் பாயும் சில ஆம்பியர்தான் (இதுவே ஃபீல்டு மின்னோட்டம்) ரோட்டாரைக் காந்தமாக்குகிறது. அதன் பலனாக அதைச் சுற்றி நிலையாக இருக்கும் சுருளான ஸ்டேட்டாரில் 60 ஆம்பியர் வரை கிடைக்கிறது. அதை ஆறு டயோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றி, பி முனையிலிருந்து கிளம்பும் தடித்த கம்பி வழியாகப் பஸ்ஸுக்கு அனுப்புகின்றன. ஆக, பாதை இரண்டு: மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. மெல்லிய பாதையில் எங்கே அறுந்தாலும் உற்பத்தி பூஜ்யம். தடித்த பாதையில் எங்கே தளர்ந்தாலும் உற்பத்தி ஆகும், ஆனால் போய்ச் சேராது. இரண்டு நிலையிலும் விமானி பார்ப்பது ஒரே விளக்கைத்தான்.

1960-களில் ஜெனரேட்டர்களுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர்கள் வந்தபோது செஸ்னாவில் ஃபோர்டு வகையும், பைப்பர் செரோக்கியில் கிரைஸ்லர் வகையும் மாட்டப்பட்டன. இரண்டுமே கார் வடிவமைப்பிலிருந்து வந்தவை. கார் பட்டறையில் பழகிய கை இதையும் எளிதாக எடுத்து வேலை செய்துவிடுவதற்கு இதுவே காரணம். ஆனால் புரொப்பல்லருக்குச் சில அங்குலம் பின்னால், அதன் அதிர்வை முழுவதும் வாங்கிக்கொண்டு, சிலிண்டர் சூட்டில் தொங்கும் இந்த ஆல்டர்னேட்டரின் வாழ்க்கை வேறு. அது எப்படிச் சுழற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து அது கெடும் விதமும் மாறும்.

லைகாமிங்: எல்லாம் பெல்ட்டில்

லைகாமிங் ஓ-320, ஓ-360 வகை என்ஜின்களில் ஸ்டார்ட்டர் ரிங் கியரைத் தாங்கும் சக்கரத்திலேயே பெல்ட்டுக்கான பள்ளம் இருக்கிறது. அந்தச் சக்கரம் புரொப்பல்லருக்குப் பின்னால் கிரேங்க்ஷாஃப்டோடு இணைந்தது. அதனால் பெல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் புரொப்பல்லரைக் கழற்றியே ஆக வேண்டும். பெல்ட்டின் விலை சொற்பம், வேலைதான் பெரிது. அதனாலேயே விரிசல் விட்ட பெல்ட்டை 'அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் பழக்கம் வருகிறது. புரொப்பல்லர் வேறு காரணத்துக்காக இறங்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டை மாற்றிவிடுவதே நல்லது.

இறுக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட வேண்டும். லைகாமிங் இதற்கென்றே சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1129 வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள எளிய வழி டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளக்கும் ஸ்பேனர்) முறை. ஆல்டர்னேட்டர் புல்லியின் நட்டில் ரெஞ்சை மாட்டி வலஞ்சுழியாகத் திருப்பி, பெல்ட்டின் மேல் புல்லி வழுக்கத் தொடங்கும் நொடியில் அளவைப் படிக்க வேண்டும். 3/8 அங்குல அகலப் பெல்ட் புதிதாக இருந்தால் 11 முதல் 13 அடி-பவுண்டு, ஓடிய பெல்ட் என்றால் 7 முதல் 9. அரை அங்குலப் பெல்ட்டுக்குப் புதிதில் 13 முதல் 15, ஓடியதில் 9 முதல் 11. படித்த அளவு இதற்குக் கீழே இருந்தால் பெல்ட் தளர்வு. இன்னொரு வழி ஸ்பிரிங் தராசு: ரிங் கியருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் பெல்ட்டில் கொக்கியை மாட்டி 14 பவுண்டு இழுத்தால் புதிய பெல்ட் 5/16 அங்குலம் நகர வேண்டும், பழைய பெல்ட்டுக்கு 10 பவுண்டு. வேலைக்கு முன் அந்த ஆவணத்தின் தற்போதைய திருத்தத்தை எடுத்து அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே நீண்டுவிடும். 10 முதல் 25 மணி நேரத்துக்குள் மறுபடி இறுக்கம் பார்க்காத பெல்ட்தான் பின்னால் வழுக்குகிறது. வழுக்கினால் சூடேறும், சூடேறினால் பக்கங்கள் கண்ணாடிபோல வழவழத்துப்போகும், அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. கௌலிங்கின் உள்பக்கம் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லை. நேரான பட்டையொன்றை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தளர்வுக்குப் பயந்து அதிகமாக இறுக்கினால் முன் பேரிங் போகும், பிராக்கெட்டில் விரிசல் விழும். இறுக்கும்போது நெம்புகோலை எங்கே கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். முன்பக்க வார்ப்புச் சட்டத்தில் கொடுக்க வேண்டும். நடுவில் உள்ள ஸ்டேட்டார் உடலில் கொடுத்தால் அது நெளிந்து ரோட்டாரை உரசும். பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டரின் காதுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதை வாஷராலோ ஷிம்மாலோ நிரப்பிவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடினால் அலுமினியக் காது எப்போதும் வளைந்த நிலையில் இருக்கும், அந்த அழுத்தத்தோடு அதிர்வும் சேரும்போது விரிசல் நிச்சயம்.

லைகாமிங் ரிங் கியர் சக்கரங்களில் பெல்ட் பள்ளத்தின் விட்டம் இரண்டு அளவில் பரவலாக உண்டு: 7.5 அங்குலம், 9.75 அங்குலம். பெரியதோடு 3 அங்குலப் புல்லியைச் சேர்த்தால் என்ஜின் நிமிடத்துக்கு 2700 சுற்றில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் 8700 சுற்றைத் தாண்டும். டாக்ஸி வேகத்திலேயே (தரையில் உருளும்போதே) சார்ஜ் ஏறும் என்பது நன்மை. பேரிங், பிரஷ் ஆயுள் குறைவது விலை. ஆல்டர்னேட்டர் வகையை மாற்றும்போது இந்த விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

காண்டினென்டல்: கோளாறு எண்ணெய்க்குள் போகும்

காண்டினென்டல் ஐஓ-520, ஐஓ-550 என்ஜின்களில் ஆல்டர்னேட்டர் முன்பக்கத்தில், கிரேங்க்ஷாஃப்டில் போல்ட் செய்த முகக் கியரால் சுழற்றப்படுகிறது. பெல்ட் இல்லை, வழுக்கல் இல்லை. ஆனால் ஆல்டர்னேட்டரின் முனையில் ஒரு கப்லிங் இருக்கிறது. அதன் உள்ளே உள்ள ரப்பர் பகுதி அதிர்வை விழுங்குகிறது. ஆல்டர்னேட்டர் திடீரென இறுகிக்கொண்டால், அந்தக் கப்லிங் வழுக்கி என்ஜின் கியரைக் காப்பாற்ற வேண்டும்.

இந்தக் கப்லிங் இருப்பது கிரேங்க்கேஸின் உள்ளே. ரப்பர் சிதைந்தாலும் கியர் பல் உடைந்தாலும் துண்டுகள் ஆயில் சம்ப்புக்குத்தான் (என்ஜினின் எண்ணெய்த் தொட்டி) போகும். அதனால் கியரில் ஓடும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் அதை வெறும் மின்சாரக் கோளாறாக நினைக்கக் கூடாது. கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது கப்லிங்கை: ரப்பர் முழுதாக இருக்கிறதா, கியர் பற்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று. ஏதாவது குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வரை என்ஜினை இயக்கக் கூடாது. எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, சம்ப் ஸ்கிரீனையும் பார்க்க வேண்டும். கப்லிங் வழுக்கும் டார்க்கை உற்பத்தியாளர் சொன்ன முறையில் சோதிக்காமல், பழைய கப்லிங்கை அப்படியே புதிய ஆல்டர்னேட்டரில் மாட்டுவது பெரிய தவறு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கப்லிங் குறைந்த டார்க்கிலேயே வழுக்கலாம். அப்போது ஆல்டர்னேட்டர் நல்லதாகவே இருந்தும் சுமை ஏறும்போது மட்டும் வோல்டேஜ் விழும். ஆல்டர்னேட்டர் துளை வழியே தெரியும் முகக் கியரின் போல்ட்டுகளும் அவற்றின் பூட்டுக் கம்பியும் சரியாக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

விமானத்தில் இருப்பவருக்கு ஒரு வரி: கியர் ஆல்டர்னேட்டர் கொண்ட என்ஜினில் சார்ஜ் போனதோடு புதிய சத்தமோ அதிர்வோ சேர்ந்து வந்தால், பேட்டரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அருகில் உள்ள ஓடுதளத்தில் இறங்க வேண்டும்.

ரோட்டாக்ஸ் 912 முற்றிலும் வேறு. என்ஜினின் பின்புறத்தில் நிலைக்காந்தச் சக்கரம் சுழல்கிறது, உள்ளே ஸ்டேட்டார். பிரஷ் இல்லை, பெல்ட் இல்லை, ஃபீல்டும் இல்லை. உச்ச அளவு 250 வாட். அங்கே கெடுவது பெரும்பாலும் ஸ்டேட்டாருக்கு வெளியே உள்ள ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர். அதன் உடல் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஆனால் அதைக் கௌலிங்குக்குள் காற்றே படாத மூலையில் பொருத்திய விமானங்கள் நிறைய. ஸ்டேட்டாரிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் கம்பிகளின் தட்டை இணைப்பிகள் பழுப்பாகி உருகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் இழுத்துப் பாருங்கள். பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் வோல்டேஜ் நிலையாக இருக்க 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும் என்கிறது ரோட்டாக்ஸ். வீட்டில் கட்டிய விமானங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். இதில் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதன் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால், காலியான நிலையில் கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் அதுவே இழுத்து ரெகுலேட்டரை எல்லையிலேயே நிறுத்திவைக்கும்.

அளக்கும் வரிசை

மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) ஆஃப், சாவி உங்கள் பையில், புரொப்பல்லர் சுழலும் வட்டத்துக்குள் யாரும் இல்லை. இது உறுதியானபின் பேட்டரி மாஸ்டரையும் ஆல்ட் ஸ்விட்சையும் போடுங்கள். என்ஜின் ஓடாததால் பஸ் வோல்டேஜ் குறைவாக இருக்கும், ரெகுலேட்டர் முழு ஃபீல்டைக் கொடுக்கும். இப்போது ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு முனையில் பேட்டரி வோல்டேஜுக்கு நெருக்கமாக வர வேண்டும். பூஜ்யம் என்றால் கோளாறு ஆல்டர்னேட்டருக்கு முன்னால்: பிரேக்கர், ஸ்விட்ச், ரெகுலேட்டர், கம்பி. ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். (சில ரெகுலேட்டர்கள் தரைப் பக்கத்தை, அதாவது விமான உடலோடு இணைந்த நெகட்டிவ் பக்கத்தை, கட்டுப்படுத்தும். அவற்றில் அளவு தலைகீழாக வரும். வயரிங் படத்தை முதலில் பாருங்கள்.) வோல்டேஜ் வந்தும் ரோட்டார் காந்தமாகவில்லை என்றால் பிரஷ் அல்லது சுருள். காந்தமானதா என்று அறிய, பின் பேரிங் அருகே ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கொண்டுபோங்கள், இழுக்கும். முடிந்ததும் உடனே ஆஃப் செய்யுங்கள், சும்மா நிற்கும் சுருள் சூடேறும்.

அடுத்து மாஸ்டரை அணைத்து, ஃபீல்டு கம்பியைக் கழற்றி, முனைக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளந்தபடி புல்லியைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். 14 வோல்ட் வகைகளில் சில ஓம்கள், 28 வோல்ட்டில் அதைவிட அதிகம். துல்லியமான எண் கையேட்டில் இருக்கும். எண்ணைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். சுழற்றும்போது தாவித் தாவிப் போனால் பிரஷ் தேய்ந்துவிட்டது, அல்லது ஸ்லிப் ரிங் அழுக்கேறியிருக்கிறது.

பிறகு என்ஜினை ஓட்டி, விளக்குகளைப் போட்டு, பஸ்ஸைப் பாருங்கள். 14 வோல்ட் அமைப்பில் 14-ஐ ஒட்டியும் 28 வோல்ட் அமைப்பில் 28-ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். பி முனைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சுமையில் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால் தடித்த பாதையில் எங்கோ தளர்வு. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் என்ஜினை விமானச் சட்டத்தோடு இணைக்கும் பின்னல் பட்டையைப் பாருங்கள். அந்தப் பட்டை அறுந்தால் மின்சாரம் திரும்பிவர வேறு வழி தேடும், த்ராட்டில் கேபிள் உட்பட. இந்த அளவுகளை எல்லாம் புரொப்பல்லர் சுழலும்போது முன்னால் குனிந்து எடுக்கக் கூடாது. நீளமான கம்பிகளை முன்பே பொருத்தி, காக்பிட்டுக்குள் கொண்டுவந்து படிக்க வேண்டும்.

மீட்டரை ஏசிக்கு மாற்றி பஸ்ஸை அளந்தால் டயோடுகளின் நிலை தெரியும். ஒரு டயோடு திறந்துபோனாலும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யும், ஆனால் முழுச் சுமை தாங்காது. ஏசி அளவு ஏறும், ரேடியோவில் என்ஜின் சுற்றோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்கும். சத்தத்தை அடக்க ஃபில்டர் போடுவதற்கு முன் இந்த அளவை எடுங்கள்.

ஆடும் ஆம்மீட்டர்

ஆம்மீட்டர் முள் வினாடிக்குச் சில முறை இடமும் வலமும் ஆடுகிறது, விளக்குகளும் சேர்ந்து மங்கிப் பிரகாசிக்கின்றன. இதற்கு ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள், ஆல்டர்னேட்டரை மாற்றுகிறார்கள், ஆட்டம் நிற்பதில்லை. பழைய விமானங்களில் இதன் காரணம் பல நேரங்களில் மாஸ்டர் ஸ்விட்சும் ஃபீல்டு பிரேக்கரும்தான்.

ரெகுலேட்டர் எந்தக் கம்பியில் பஸ் வோல்டேஜை அறிகிறதோ, அதே கம்பியிலிருந்துதான் ஃபீல்டுக்கும் மின்சாரம் எடுக்கிறது. முப்பது, நாற்பது வருடம் பழைய ஸ்விட்சிலும் பிரேக்கரிலும் இணைப்பிகளிலும் சேர்ந்து 0.2 ஓம் தடை ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஃபீல்டில் 3 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையில் 0.6 வோல்ட் விழும். பஸ் 14-இல் இருக்க, ரெகுலேட்டர் 13.4 என்று நினைத்து இன்னும் ஏற்றும். அளவு எட்டியதும் ஃபீல்டைக் குறைக்கும். குறைத்த நொடியில் விழுந்த வோல்டேஜ் திரும்பிவிடும், பஸ் மிக அதிகமாக இருப்பதாக நினைத்து மேலும் குறைக்கும். இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். சரியான வேலை செய்யும் ரெகுலேட்டர்தான் பொய்யான தகவலால் ஆடுகிறது.

சோதனை எளிது. என்ஜின் நின்ற நிலையில் இரண்டு ஸ்விட்சையும் போட்டு, பஸ்ஸுக்கும் ரெகுலேட்டரின் உள்வரும் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். முழு ஃபீல்டு ஓடும் நேரம் என்பதால் குறை ஒளிந்துகொள்ள முடியாது. 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் பாதி பாதியாகப் பிரித்து எந்த இணைப்பு தின்கிறது என்று தேடுங்கள். ரெகுலேட்டரின் திருகைத் திருப்பி வோல்டேஜைக் 'சரிசெய்வது' மட்டும் வேண்டாம். தடை நீங்கிய அன்று அல்லது மேலும் ஏறிய அன்று பேட்டரி தவறான வோல்டேஜில் சிக்கிக்கொள்ளும்.

ஃபீல்டு பிரேக்கர் அடிக்கடி விழுவது வேறு நோய். உள் ரெகுலேட்டர் கொண்ட சில ஆல்டர்னேட்டர்களில் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு வேண்டுமென்றே ஃபீல்டு ஊட்டத்தைத் தரையோடு இணைத்து பிரேக்கரை விழவைக்கும். ஆகவே விழுந்த பிரேக்கருக்கு இரண்டு பொருள் உண்டு: வோல்டேஜ் எல்லை மீறியது, அல்லது ஃபீல்டு கம்பி எங்கோ தேய்ந்து உலோகத்தைத் தொடுகிறது. விமானக் கையேடு சொன்னபடி ஒரு முறை ரீசெட் செய்யலாம். இரண்டாம் முறை விழுந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

500 மணி நேரம்

பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு 500 மணி நேரத்தில் கழற்றிப் பார்ப்பது நியாயமான இடைவெளி. பிரஷ் நீளம், ஸ்லிப் ரிங் பள்ளம், இரண்டு பேரிங்குகளின் சுழற்சி, நீளப் போல்ட்டுகள், உடல் விரிசல். உயரத்தில் அதிகம் பறக்கும் டர்போ விமானங்களில் வறண்ட காற்று பிரஷை வேகமாகத் தின்னும் என்பதால் முன்னதாகவே பாருங்கள். குளிர்காற்றுக் குழாய் இருக்கும் விமானத்தில் அது உண்மையிலேயே ஆல்டர்னேட்டரை நோக்கி இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். டயோடுகளைக் கொல்வது வெப்பம். முற்றிலும் காலியான பேட்டரியோடு ஜம்ப் ஸ்டார்ட் செய்து உடனே பறப்பதும் அதே வெப்பத்தைத்தான் தருகிறது. பேட்டரியைத் தரையில் சார்ஜரில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பி முனையின் வளையத்துக்குத் தனிக் கவனம் தேவை. கம்பியைக் கிளாம்ப் போட்டு ஆல்டர்னேட்டருக்கு அருகிலேயே பிடிக்காவிட்டால், அதன் எடை முழுவதும் வளையத்தின் கழுத்தில் ஆடும், ஒரு நாள் முறியும். சுமையோடு இருக்கும்போது முறிந்தால் வோல்டேஜ் எகிறி டயோடுகளையும் கூட்டிக்கொண்டு போகும்.

புல்லட்டின்களைத் தேடுவது

இங்கேதான் கவனமான மெக்கானிக்குகளும் தவறவிடுகிறார்கள். என்ஜின் உற்பத்தியாளரின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு 'ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டரைத் தொடும் புல்லட்டின் (உற்பத்தியாளர் வெளியிடும் பராமரிப்பு அறிவிப்பு) நான்கு இடங்களிலிருந்து வரலாம்: விமான உற்பத்தியாளர், என்ஜின் உற்பத்தியாளர், ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் செய்தவர், துணை வகைச் சான்றிதழின் (விமானத்தில் மாற்றம் செய்யத் தரப்படும் ஒப்புதல்) கீழ் மாற்று ஆல்டர்னேட்டரைக் கொடுத்தவர். கடைசி வகையை விமான உற்பத்தியாளரின் ஆவணங்களில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அதற்கான தொடர் பராமரிப்புக் குறிப்புகள் சான்றிதழோடு வந்திருக்கும், விமானக் கோப்பில் இருக்க வேண்டும்.

பெயர்களும் குழப்பும். லைகாமிங்கில் மேண்டேட்டரி சர்வீஸ் புல்லட்டின், சர்வீஸ் புல்லட்டின், சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன், சர்வீஸ் லெட்டர். காண்டினென்டலில் மேண்டேட்டரிக்கு அடுத்து கிரிட்டிகல் என்று ஒரு படி உண்டு. ரோட்டாக்ஸில் அலர்ட் சர்வீஸ் புல்லட்டின். இவற்றில் உற்பத்தியாளர் 'மேண்டேட்டரி' என்று எழுதியதாலேயே அது சட்டமாகிவிடாது. அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிகளின் 39-ஆம் பகுதியின் கீழ் வரும் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், அதாவது ஏ.டி.தான் சட்டம். 91-ஆம் பகுதியின் கீழ் சொந்தப் பயன்பாட்டுக்குப் பறப்பவரை புல்லட்டின் தானாகக் கட்டுப்படுத்தாது. வணிகப் பறப்பிலும், வேறு நாடுகளின் விதிகளிலும், ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டத்திலும் கட்டுப்படுத்தலாம். புல்லட்டின் எவ்வளவு வேகமாகச் சட்டமாகும் என்பதற்கு 2017 உதாரணம்: கனெக்டிங் ராடு புஷ்கள் பற்றிய லைகாமிங் மேண்டேட்டரி புல்லட்டின் 632 வந்த சில வாரங்களிலேயே ஏ.டி. 2017-16-11 வந்துவிட்டது.

ஆனாலும் ஆல்டர்னேட்டர் விஷயத்தில் சட்டம் கேட்கிறதா என்பதைவிட, இரவிலும் மேகத்துக்குள்ளும் பறக்கிறோமா என்பதுதான் சரியான கேள்வி என்பது என் கருத்து. அப்படிப் பறக்கும் விமானத்துக்கு, கப்லிங் பற்றியோ பிராக்கெட் பற்றியோ வந்த எந்தப் புல்லட்டினையும் விருப்பத்துக்குரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. என்ஜினே மின்சாரத்தை நம்பியிருக்கும் விமானங்களில் இது இன்னும் கறார். ஊசி வழி எரிபொருளும் மின்னணுத் தீப்பொறியும் கொண்ட ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் இரண்டு ஜெனரேட்டர்களோடு வருவதன் காரணம் அதுதான்.

புல்லட்டினைக் கையில் எடுத்ததும் முதலில் பொருந்தும் எல்லையைப் படியுங்கள். அங்கே இருப்பது ஆல்டர்னேட்டரின் பகுதி எண்ணும் தொடர் எண்ணும், சில நேரம் தயாரிப்புத் தேதிக் குறியும். என்ஜின் தொடர் எண்ணை வைத்து 'நமக்குப் பொருந்தாது' என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்த என்ஜின் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த ஆல்டர்னேட்டர் இப்போது அதில் இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உடலில் உள்ள எண் பலகையைக் கண்ணால் படிக்க வேண்டும். ஓவர்ஹால் பட்டறையின் சொந்தப் பலகை ஒட்டியிருந்தால் அதையும் மூல எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை கீழ்நோக்கி இருந்தால் ஒரு சிறிய கண்ணாடியோ செல்பேசிக் கேமராவோ போதும்.

திருத்த எழுத்தையும் விடக் கூடாது. புல்லட்டின் ஏ-யிலிருந்து பி ஆகும்போது தொடர் எண் வரம்பு விரிந்திருக்கலாம். ஏ.டி. ஒரு குறிப்பிட்ட திருத்தத்தைச் சொல்லியிருந்தால், பழைய திருத்தத்தின்படி செய்த வேலைக்கு அதில் மதிப்பு கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

லாக் புத்தகத்தில் 'ஆல்டர்னேட்டர் மாற்றப்பட்டது, சோதனை சரி' என்று ஒரே வரி எழுதினால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. கழற்றியதன் பகுதி எண், தொடர் எண், அது ஓடிய மணி நேரம். மாட்டியதன் அதே மூன்றும். பார்த்த புல்லட்டின்களின் எண்ணும் திருத்த எழுத்தும், பொருந்துகிறதா இல்லையா என்பதும். பெல்ட் இறுக்கம் எந்த முறையில் எவ்வளவு, அல்லது கப்லிங் வழுக்கிய டார்க் எவ்வளவு. சுமையில் பஸ் வோல்டேஜ், பி முனையிலிருந்து பஸ் வரை இழப்பு. ஆல்டர்னேட்டரின் மணி நேரத்தை என்ஜின் மணி நேரத்தோடு கலக்காமல் தனியாகத் தொடருங்கள், 500 எப்போது வருகிறது என்று அப்போதுதான் தெரியும். பெல்ட் புதிது என்றால் அதே பதிவில், எத்தனையாவது டேக்கோ (என்ஜின் மணிக்கணக்கி) மணியில் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.